தோலுக்கு ஒரு நியாயம், உப்புக்கு ஒரு நியாயம்

கடையில் வாங்கும் தூள் உப்பு, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், சூப்பு மாவு ஆகியவற்றின் உறையில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஐ.என்.எஸ். 551, 536, 470 என்று அது பொருளுக்குப் பொருள் மாறும். தூள் கட்டி தட்டாமல் பொலபொலவென்று உதிர்வதற்காகச் சேர்க்கும் பொருள்களின் எண்கள் இவை. இவை ஹலாலா என்ற கேள்வி இன்று உலகெங்கும் கேட்கப்படுகிறது. பதில்களோ பெரும்பாலும் பட்டியல்களாகவே வருகின்றன: இந்த எண் ஆகும், அந்த எண் ஆகாது, மற்றது சந்தேகத்துக்குரியது. பட்டியல் கைக்கு வசதியானது, ஆனால் சிந்தனைக்கு உதவாதது. எண் என்பது ஒரு சேர்மத்தின் பெயர் மட்டுமே. அது எதிலிருந்து பிறந்தது, பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் மாறி வந்தது என்ற இரண்டையும் எண் சொல்வதில்லை. மார்க்கச் சட்டம் கேட்பதோ அந்த இரண்டைத்தான். இதை எடைபோடுவதற்கான அளவுகோலை முஸ்லிம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரண்டு பழைய வழக்குகளில் வகுத்துவிட்டார்கள். ஒன்று பதனிட்ட தோல். மற்றொன்று உப்பாகிப்போன மிருகம். ஜவ்வாது மலையின் வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என்று வரிசையாக இருக்கும் ஊர்கள் தோலைப் பதனிட்டுப் பிழைத்த முஸ்லிம் ஊர்கள். ஆகையால் இந்தக் கேள்வியை அங்கிருந்து தொடங்குவதில் ஒரு பொருத்தம் உண்டு.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் நீரை இழுக்கும். கடலுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு மிக முன்பே இழுத்துவிடும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு நீர்த்துப்போவதன் காரணம் இதுதான். ஈரம் காயும்போது பரல்களுக்கு இடையே மெல்லிய உப்புப் பாலங்கள் உருவாகி முழுதும் ஒரே கட்டியாகிவிடும். கல் உப்பு புழங்கிய வீடுகளுக்கு இது பெரிய தொல்லை அல்ல. நீர்த்தாலும் அள்ளிப் போட்டுவிடலாம். அயோடின் சேர்த்த தூள் உப்பு பொதுவழக்கான பிறகுதான் இந்த எண்கள் நம் சமையலறைக்குள் வந்தன. அமெரிக்காவில் மார்ட்டன் நிறுவனம் 1911இல் மக்னீசியம் கார்பனேட்டைச் சேர்த்து மழையிலும் கொட்டும் உப்பை விற்கத் தொடங்கியது. இந்தியாவில் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கான தடை 2006 மே 17இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் தூள் உப்பு, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், பழத்தூள், சூப்புத்தூள் ஆகியவற்றில் இந்தச் சேர்மங்களை 2 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன. கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகள், அவற்றின் பாஸ்பேட்டுகள், சிலிக்கேட்டுகள், சிலிக்கன் டை ஆக்சைடு, இவற்றோடு சில கொழுப்பமில உப்புகள் என்பது அந்த வரிசை. ஃபெரோசயனைடுகளுக்கு மட்டும் தனி வரம்பு: கிலோ உப்புக்கு 10 மில்லிகிராம்.

இதில் பாதிக்கு மேல் வாதமே தேவையில்லை. 551 என்ற சிலிக்கன் டை ஆக்சைடு மணலின் வழிவந்தது. சோடியம் சிலிக்கேட்டை அமிலத்தோடு வினைபுரியச் செய்து வீழ்படிவாக எடுக்கிறார்கள். சிலிக்கேட்டுகளும் கார்பனேட்டுகளும் கனிமங்கள். மண்ணிலும் கல்லிலும் தடை கிடையாது. உடலுக்குக் கேடு என்றால்தான் தடை. ஆக இவை ஹலால். இதற்கு முத்திரை தேடுவது வீண் வேலை. சிக்கல் இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று மக்கள் பயப்படும் இடம், மற்றொன்று பயப்பட வேண்டிய இடம். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் வேடிக்கை.

பயப்படும் இடம் 536, அதாவது பொட்டாசியம் ஃபெரோசயனைடு. பெயரில் சயனைடு இருப்பதால் 2019இல் இந்திய உப்பில் விஷம் கலந்திருப்பதாக ஒரு பரபரப்பு கிளம்பியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை மறுக்க வேண்டியதாயிற்று. கேடு விளைவிப்பது ஆகாது என்பது மார்க்க விதியும்கூட என்பதால் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் மறு ஆய்வு செய்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.03 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.8 மில்லிகிராம். அவர் நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றாலும் உள்ளே போவது அதிகபட்சம் 0.1 மில்லிகிராம். இரும்போடு இறுகப் பிணைந்த சயனைடு வயிற்றில் எளிதில் பிரிவதும் இல்லை. உடலுக்குக் கேடு உப்பினால்தான், அதில் உள்ள 536ஆல் அல்ல.

ஆனால் இந்தச் சேர்மத்தின் பிறப்புக் கதை ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டம் படிப்பவர்களுக்கு நல்ல விருந்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த நீலச் சாயத்தின் பின்னால் இருந்தது மிருக இரத்தத்தால் மாசுபட்ட பொட்டாஷ். பிறகு ஃபெரோசயனைடை எடுக்கும் முறையே அதுவாகிப்போனது. இரத்தம், குளம்பு, கொம்பு, தோல் கழிவு ஆகியவற்றைப் பொட்டாஷோடும் இரும்போடும் சேர்த்துச் செந்தழலில் வாட்டினார்கள். ஜெர்மானியர் இன்றும் இதை இரத்தத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள். டேனரிகளில் வெட்டி எறியும் துண்டுத்தோல்கூட இதற்கு மூலப்பொருளாக இருந்தது. இன்று அந்த முறை இல்லை. ஹைட்ரஜன் சயனைடு வாயு, இரும்புக் குளோரைடு, சுண்ணாம்பு ஆகியவற்றிலிருந்து தொழிற்சாலையில் உருவாக்குகிறார்கள். மிருகத்துக்கு அதில் வேலையே இல்லை. ஒரே சேர்மம், ஒரே மூலக்கூறு, ஒரே எண். நேற்று இரத்தத்திலிருந்து வந்தது, இன்று வாயுவிலிருந்து வருகிறது. எண்ணை மட்டும் பார்த்து ஹலால், ஹராம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் 470. கால்சியம் ஸ்டியரேட்டு, மக்னீசியம் ஸ்டியரேட்டு முதலான கொழுப்பமில உப்புகள் இந்த எண்ணின் கீழ் வருகின்றன. மக்னீசியம் ஸ்டியரேட்டுக்கு 572 என்ற பழைய எண்ணும் உண்டு. ஸ்டியரிக் அமிலம் பாமாயிலிலும் இருக்கிறது, மாட்டுக்கொழுப்பிலும் இருக்கிறது, பன்றிக்கொழுப்பிலும் இருக்கிறது. எதிலிருந்து எடுத்தாலும் ஒரே அமிலம்தான். ஆய்வுக்கூடத்தில் தூய ஸ்டியரேட்டைக் கொடுத்து இதன் தாய் எது என்று கேட்டால் சாதாரண வேதிச் சோதனை பதில் சொல்லாது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பனை, மேற்கு நாடுகளில் இறைச்சித் தொழிலில் மிஞ்சும் கொழுப்பும் என்று மூலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பாஸ்பேட்டிலும் இதே இரட்டை வழி உண்டு: பாறையிலிருந்தும் எடுக்கலாம், எலும்பிலிருந்தும் எடுக்கலாம். எலும்பு பாஸ்பேட்டுக்கென்றே 542 என்று ஓர் எண் இருப்பதால் அங்கே குழப்பம் சற்றுக் குறைவு. 470இல் அந்த வசதி இல்லை.

இப்போது பழைய வழக்குகளுக்கு வருவோம். ஜவ்வாது மலையிலிருந்து காலங்காலமாக இறங்கும் சிறுவன விளைபொருள்களில் தேன், புளியோடு கடுக்காயும் ஒன்று. குரோமியம் வருவதற்கு முன்பு தமிழ்நாட்டின் தோல் பதனிடும் தொழில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தது. துவர்ப்புள்ள பொருள் தோலின் புரதத்தைப் பிணைத்து அழுகாமல் காப்பதுதான் பதனிடுதல். அரபு நாட்டில் இந்த வேலையைச் செய்தது கரள் என்ற வேலமர வகையின் இலை; ஹதீஸ்களில் அதன் பெயரே வருகிறது. செத்த ஆட்டின் தோல் நஜீஸ், அதாவது அசுத்தம், ஆனால் பதனிட்டால் சுத்தமாகிவிடும் என்பது ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்) ஏற்ற சட்டம். பன்றித்தோலுக்கு இந்தச் சலுகையை இரண்டு மத்ஹபும் தரவில்லை. ஷாஃபி மத்ஹபு நாய்த்தோலுக்கும் தரவில்லை. இந்தச் சட்டத்தின் வேர் நபிகளின் துணைவியாரான மைமூனா நாயகியாரின் வீட்டோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி. செத்துக் கிடந்த ஆடு ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), இதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்று பதில் வந்தபோது, தடை அதை உண்பதில்தான் என்று தெளிவுபடுத்தினார்கள். நம் கேள்விக்கான முதல் பாடம் இங்கே இருக்கிறது. சுத்தமாவது வேறு, உண்ணத் தகுந்ததாவது வேறு. பதனிட்ட தோலில் செருப்புத் தைக்கலாம், தண்ணீர் துருத்தி கட்டலாம், அதை விரித்துத் தொழலாம். அது சுத்தம் என்ற ஒரே காரணத்துக்காகத் தின்னலாம் என்று சொன்னவர் இல்லை எனலாம். விதிவிலக்காகப் பேசியவர்களின் கருத்து நடைமுறைக்கு வரவில்லை.

இரண்டாவது வழக்கு உப்பளத்தில் நடக்கிறது. ஒரு கழுதையோ பன்றியோ உப்புச் சுரங்கத்தில் விழுந்து, காலப்போக்கில் முழுவதும் உப்பாகிப்போனால் அந்த உப்பு என்ன? ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ யூசுஃப் அது நஜீஸ்தான் என்றார். இமாம் முஹம்மது அது சுத்தம், உண்ணலாம் என்றார். மத்ஹபின் ஃபத்வா இமாம் முஹம்மதின் கருத்தில் நிலைத்தது. மிருகம் என்ற பொருளே இல்லாமல் போனபிறகு மிருகத்துக்கு விதித்த சட்டம் எதன்மேல் போய் ஒட்டும் என்பது அவர்கள் வாதம். பொருள் அடியோடு வேறொன்றாவதைத்தான் இஸ்திஹாலா என்கிறார்கள். ஷாஃபி மத்ஹபு இந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. மது தானாகக் காடியாவது, தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றை மட்டும் விலக்காக ஏற்று, உப்பளத்தில் விழுந்து உப்பான நாய் நஜீஸாகவே இருக்கிறது என்றது. தமிழகத்தில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விஷயம் அல்ல. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். உப்பளங்கள் இருக்கும் கடற்கரையில், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்பவர்கள் ஷாஃபிகள். தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கும் வாலிநோக்கம் கீழக்கரைப் பக்கம்தான். உப்பு விளையும் மண்ணின் மத்ஹபு உப்பு வழக்கில் கடுமையானது. உப்பு போய்ச் சேரும் மலையடிவாரத்தின் மத்ஹபு இளகியது.

ஆக நம் முன் இரண்டு மாதிரிகள். தோல்: சுத்தமாகும், உண்ண ஆகாது, ஏனென்றால் அது இன்னமும் தோல்தான். உப்பு: ஹனஃபிகளிடம் சுத்தமும் ஆகும், உண்ணவும் ஆகும், ஏனென்றால் அது இப்போது மிருகமே இல்லை. கட்டி தட்டாமல் காக்கும் பொருள் எதுவானாலும், அது மிருகத்திலிருந்து வந்திருந்தால், தோலைப் போன்றதா உப்பைப் போன்றதா என்று கேட்டால் போதும். பழைய முறையில் இரத்தத்திலிருந்து வந்த ஃபெரோசயனைடு ஐயமில்லாமல் உப்பைப் போன்றது. செந்தழலில் புரதம் சிதைந்து, கரிமமும் நைட்ரஜனும் தனித்தனியாகி, இரும்போடு புதிதாகக் கூடின. அதிலிருந்து இரத்தத்தை மீட்க எந்த வழியும் இல்லை. ஸ்டியரேட்டு அப்படியல்ல. கொழுப்பு என்பது கிளிசராலில் தொங்கும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள். காரத்தைச் சேர்த்தால் சங்கிலிகள் அறுந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மிருகத்தின் உடலுக்குள் இருந்த 18 கரிமச் சங்கிலி அப்படியே இருக்கிறது. ஸ்டியரேட்டின் மேல் அமிலத்தை ஊற்றினால் பழைய கொழுப்பமிலம் மிதந்து வரும். அதைக் கிளிசராலோடு கூட்டினால் மறுபடியும் கொழுப்பு. திரும்பி வர வழியிருக்கும் மாற்றத்தை அடியோடு மாறியது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்ப முடியுமா என்ற இந்தச் சோதனை ஃபிக்ஹு நூல்களில் இந்தச் சொற்களில் இல்லை. ஆனால் உப்புச் சுரங்க வழக்கு ஏன் ஏற்புடையதாகிறது என்பதை அது விளக்குகிறது.

இதற்கு ஹனஃபிகளிடமிருந்து வரக்கூடிய மறுப்பு வலுவானது. கொழுப்போடு காரம் சேர்த்துக் கிடைப்பதற்கு நம் மொழியில் சோப்பு என்று பெயர். கால்சியம் ஸ்டியரேட்டும் மக்னீசியம் ஸ்டியரேட்டும் வேதியியலில் சோப்பு வகைகளே. நஜீஸான எண்ணெயில் செய்த சோப்பு சுத்தம் என்று ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர் இப்னு ஆபிதீன் எழுதியிருக்கிறார். அப்படியானால் 470க்கும் அதே தீர்ப்புதானே? இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சோப்புத் தீர்ப்பு சுத்தம் பற்றியது. அந்தச் சோப்பால் கழுவிய துணியில் தொழலாமா என்பதே அங்கே கேள்வி. அதைத் தின்னலாமா என்று யாரும் கேட்கவில்லை. தோல் வழக்கு நமக்குக் கற்பித்த வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. இரண்டாவது, அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் பொது இடர் என்ற காரணமும் இருந்தது. ஊரெல்லாம் புழங்கும் ஒன்றை, தவிர்க்க வழியில்லாத ஒன்றை நஜீஸ் என்றால் மக்கள் சிரமப்படுவார்கள் என்ற கவலை அது. பாமாயில் ஸ்டியரேட்டு சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அந்த இடர் எங்கே இருக்கிறது?

இன்றைய அறிஞர் அவைகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் கூடியபோது பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் கூடாது என்றது. குவைத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு 1995இல் இஸ்திஹாலாவை அகலமாக விரித்து, ஜெலட்டினையும் பன்றிக்கொழுப்புச் சோப்பையும் அனுமதித்தது. இந்தோனேசியாவில் இது அரசியலாகவே வெடித்தது. அஜினோமோட்டோ தயாரிப்பில் நுண்ணுயிர்களுக்கான ஊட்டப்பொருளை உருவாக்கப் பன்றியின் நொதி பயன்பட்டது என்று தெரிந்ததும், அந்நாட்டு உலமா சபை அதை ஹராம் என்றது. இறுதிப் பொருளில் பன்றியின் சுவடே இல்லை, அது ஹலால் என்று 2001 தொடக்கத்தில் சொன்னவர் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துர்ரஹ்மான் வாஹித். அவரும் மார்க்கக் கல்வி கற்ற அறிஞர். அந்த வழக்கில் என் சாய்வு வாஹித் பக்கம்தான். அங்கே நொதி தயாரிப்பின் ஒரு படியில் வந்து போயிற்று, இறுதித் தூளில் அது இல்லை. ஸ்டியரேட்டு வந்து போவதில்லை, உணவிலேயே தங்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அளவு மிகச் சிறியதாயிற்றே என்ற வாதமும் உண்டு. பெருநீரில் விழுந்த துளி கரைந்து மறைவதைச் சட்டம் மன்னிக்கிறது. அந்த மன்னிப்பை இங்கே கொண்டுவரலாமா? துளி என்பது அறியாமல் விழுவது. இது அளந்து சேர்ப்பது. ஒரு பொருளின் நூறு பங்கில் ஒரு பங்கு சேர்த்தால் மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் கட்டி தட்டாமல் நிற்கிறது என்றால், அந்த ஒரு பங்கு தன் வேலையைச் செய்கிறது. வேலை செய்யும் ஒன்றை இல்லாதது என்று எப்படிக் கணக்கெழுதுவது?

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து ஒரு மறுப்பு வரும்: இத்தனை துருவித் துருவிக் கேட்பதே மார்க்கம் விரும்பாத மிகையில்லையா? பொருள்களின் இயல்புநிலை ஆகுமானதே, சந்தேகம் உறுதியைக் கலைக்காது என்ற விதிகள் எங்கே போயின? அந்த விதிகள் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. மணலுக்கும் சுண்ணாம்புக்கும் அவை முழுமையாகப் பொருந்தும். 551ஐப் பார்த்து முகம் சுளிப்பவர் அவற்றை நினைத்துக்கொள்வது நல்லது. இறைச்சிக்கும் கொழுப்புக்கும் வந்தால் பல அறிஞர்களின் கணக்கு தலைகீழாகிறது: முறையாக அறுத்தது என்று தெரியும்வரை ஆகாது என்பதே அங்கே தொடக்கப் புள்ளி. 470 என்ற ஒரே எண்ணுக்குள் இந்த இரண்டு தொடக்கப் புள்ளிகளும் ஒளிந்திருப்பதால்தான் கேள்வி மிகையாகாமல் நியாயமாகிறது. மிகை என்ற புகார் நீதிமன்றத்திலும் எழுந்தது. உத்தரப் பிரதேச அரசு 2023 நவம்பர் 18இல் ஹலால் சான்று பெற்ற உணவுப்பொருள்களின் உற்பத்தியையும் விற்பனையையும், ஏற்றுமதி நீங்கலாக, தடை செய்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது 2025 ஜனவரியில் மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல், மாவுக்கும் சிமெண்டுக்கும் இரும்புக்கம்பிக்கும்கூடவா ஹலால் சான்று என்று வியந்தார். சிமெண்டைப் பொறுத்தவரை அவர் வியப்பில் பங்குகொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. வெறும் கடலைமாவுக்கும் சான்று தேவையில்லை. ஆனால் மசாலா கலந்த மாவும் சூப்பு மாவும் வெறும் மாவு அல்ல. அவற்றில் 470 இருந்தால் கேள்வி உயிருள்ளது. சான்று தருபவர்கள் தேவையில்லாத பொருளுக்கெல்லாம் முத்திரை குத்தியதால் தேவையுள்ள பொருளின் கேள்வியும் கேலிக்கு ஆளானது என்பதை அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் வாழும் முஸ்லிமுக்கு இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் உறையின் முன்பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முக்கியமாகச் சொல்ல வருவது. 2001இல் வந்த விதிகளின்படி, விலங்கிலிருந்து வந்த எந்தச் சேர்மானம் இருந்தாலும் உணவுக்கு அசைவக் குறி இட வேண்டும். பால் மட்டும் விலக்கு. 2020ஆம் ஆண்டு விதிகள் தேனையும் தேன்மெழுகையும் அரக்கையும் விலக்கில் சேர்த்தன. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் மலைத்தேன், சைவக் குறியான பச்சைப் புள்ளியோடு விற்பது இதனால்தான். பச்சைப் புள்ளி உள்ள பொருளில் 470 இருந்தால், சட்டப்படி அது தாவர ஸ்டியரேட்டாகத்தான் இருக்க வேண்டும். சைவ உணவுக்காரருக்காக வந்த இந்தப் பாதுகாப்பு, இந்த ஓர் அம்சத்தில் ஹலாலைவிடக் கடுமையானது. முறையாக அறுத்த மாட்டின் கொழுப்பைக்கூட அது உள்ளே விடாது. மதுவைக் கரைப்பானாகக் கொண்ட நறுமணச் சாறுகள் பற்றிப் பச்சைப் புள்ளி எதுவும் சொல்லாது என்பது உண்மை. ஆனால் நம் கேள்வி கட்டி தட்டாமல் காக்கும் பொருளைப் பற்றியது, அதற்கு இந்தப் புள்ளி போதும். முஸ்லிமல்லாத உற்பத்தியாளரின் வார்த்தையை ஹலால் விஷயத்தில் ஏற்கலாமா என்று கேட்பவருக்கு ஹனஃபி பாடநூலான ஹிதாயாவிலேயே பதில் இருக்கிறது. இறைச்சி வாங்கி வந்த மஜூஸி (ஜரதுஷ்டிர சமய) பணியாள், அதை முஸ்லிமிடமோ வேதக்காரரிடமோ வாங்கினேன் என்று சொன்னால் அந்தச் சொல்லை ஏற்கலாம் என்கிறது அந்நூல். கொடுக்கல் வாங்கலில் அவர் சொல் செல்லும் என்பதே காரணம். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற சட்டத்தின் கீழ் அச்சிட்ட குறிக்கு அதைவிடக் குறைந்த மதிப்பா இருக்கும்?

மறைந்திருக்கும் மிருகப்பொருள் பற்றிய கவலை பாலாற்று வட்டாரத்துக்குப் புதிதல்ல, முஸ்லிம்களுக்கு மட்டுமானதும் அல்ல. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம். எந்த மிருகத்தின் தோல் என்று தெரியாததால் இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகக் கொதித்தார்கள். 1983இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கி, கொழுப்பு இறக்குமதிக்குத் தடை வர வைத்தது. 2021 டிசம்பர் 9இல் தில்லி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த வரிசையில் மிக முக்கியமானது. ராம் கௌ ரக்ஷா தளம் என்ற அறக்கட்டளை தொடுத்த வழக்கு அது. சுவையூட்டியான 631, இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கப்படுவதாக இருந்தும் பச்சைப் புள்ளியோடு விற்கும் பொருள்களில் இருப்பதை நீதிமன்றம் கவனித்தது. ஒவ்வொரு சேர்மானத்தையும் குறியீட்டு எண்ணோடு மட்டும் நிறுத்தாமல், அது தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா, ஆய்வுக்கூடத்திலிருந்தா என்று சொல்ல வேண்டும் என்றது. துளியளவு இருந்தாலும் அசைவம் அசைவமே என்றது. பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் கிடைத்த இந்த விதி, ஆம்பூர்க் கடையில் சூப்பு மாவு வாங்கும் முஸ்லிமின் கேள்விக்கும் பதிலாகிறது. இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. என்ன தின்கிறோம் என்று அறியும் உரிமைதான் இருவருக்கும் வேண்டியது.

பச்சைப் புள்ளி எட்டாத இடங்களும் உண்டு. அசைவக் குறியுள்ள சூப்பு மாவில் 470 இருந்தால், அது எந்த மிருகத்தின் கொழுப்பு என்று குறி சொல்லாது; அங்கே ஹலால் சான்றுக்கு உண்மையான வேலை இருக்கிறது. சேர்மானத்தின் சேர்மானமாக வருபவையும் கண்ணுக்குத் தப்பலாம். ஒரு நொறுக்குத்தீனியில் தூவிய மசாலாவில் கட்டி தட்டாமல் காக்கும் பொருள் இருந்து, நொறுக்குத்தீனியில் அது எந்த வேலையும் செய்யாத அளவு குறைவாக இருந்தால், அதன் பெயரைப் பட்டியலில் போட வேண்டாம் என்பதே உலக நடைமுறை. ஆனால் பச்சைப் புள்ளியின் விதி அதையும் கட்டுப்படுத்துவதால் உள்நாட்டுச் சைவப் பொருள்களில் கவலைக்கு இடம் குறைவு.

உண்மையான ஓட்டை உணவில் இல்லை, மருந்தில் இருக்கிறது. மக்னீசியம் ஸ்டியரேட்டின் மிகப் பெரிய பயன்பாடு மாத்திரைத் தயாரிப்பில். பொடி அச்சில் ஒட்டாமல் வழுக்கி வருவதற்காக பெரும்பாலான மாத்திரைகளில் அதைச் சேர்க்கிறார்கள். மாத்திரை அட்டையில் பச்சைப் புள்ளி இல்லை. துணைப்பொருள்களின் பெயர்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. நோயாளிக்கு நிர்ப்பந்தச் சட்டம் துணையிருக்கிறது, அவர் எதையும் விசாரிக்காமல் விழுங்கலாம். ஆனால் நிர்ப்பந்தம் என்பது மாற்று இல்லாதபோது வருவது. மாற்று பனையிலிருந்து டன் கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. கேட்க வேண்டியவர் நோயாளி அல்ல, மொத்தமாக வாங்குபவர். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கும் ஜவ்வாது மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஸ்டியரேட்டு தாவர மூலத்ததாக இருக்க வேண்டும், அதை அட்டையில் அச்சிட வேண்டும் என்று அதன் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்த்தால், முஸ்லிமுக்கும் சமணருக்கும் சைவ உணவுக்காரருக்கும் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும்.